ஏறிப் பார்த்தவர் கையொப்பம்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டு முட்டியிலும் வலி, ஒரு கண்ணில் புரை, தலையில் மிச்சமிருக்கும் முடியை ஒரே மூச்சில் எண்ணி முடித்துவிடலாம். இருந்தாலும் எங்கள் ஏணித் தொழிற்சாலையில் எனக்குப் பெயர் 'சின்னவர்'. பெரியவர் என் அப்பா. அவருக்கு எண்பத்தொன்று. இதுவரை மூன்று முறை ஓய்வு பெற்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பாராட்டிப் பேசுவோம், சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுப்போம், ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். மறுநாள் காலை எட்டரைக்கு, "வீட்ல உட்கார்ந்தா கால் மரத்துப் போகுது" என்று வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. மூன்றும் மூன்று நேரம் காட்டுகிறது.

நாலாவது முறை உறுதியாகத்தான் இருந்தார். குளியலறையில் தலைசுற்றி, வாளியைப் பிடித்தபடி கால்மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்போது எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரமே ஓர் ஆலோசகரை வரவழைத்தார்.

ஆலோசகருக்கு முப்பது வயதுகூட இருக்காது. குடும்ப நிறுவனங்களுக்கு வாரிசுத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். திரையில் கட்டம் கட்டமாகப் படம் காட்டினார். உச்சிக் கட்டத்தில் அப்பா. அதற்கு அடுத்த கட்டம் காலி. நடுவில் ஒரு கேள்விக்குறி.

"ஐயா, நீங்க இல்லாத ஒரு நாள நினைச்சுப் பாருங்க," என்றார்.

"எங்க போயிருப்பேன்?" என்றார் அப்பா.

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்கு எதுக்கு நான் போகணும்?"

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தங்கை குனிந்து சிரிப்பை விழுங்கினாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். அலுமினியம், ரிவெட், ரப்பர் என்று தொழிற்சாலைக்குள் வரும் எல்லாவற்றையும் வாங்குவது அவள் பொறுப்பு. நான் சிரிக்கவில்லை. கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷமாக நான் குடியிருக்கும் வீடு அது. எப்போது வேண்டுமானாலும் காலி செய்து மாடிக்குப் போகலாம் என்ற நினைப்பிலேயே பெட்டியைக் கூடப் பிரிக்காமல் இருந்துவிட்டேன்.

எங்கள் ஏணிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொழிலை ஆரம்பித்த தாத்தா முதலில் பெயின்டராக இருந்தவர். எவரோ செய்த ஏணி முறிந்து விழுந்து, வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். அதனால் சொந்தமாக ஏணி செய்யத் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஓர் ஏணியை எடுத்துப் பின்முற்றத்தில் நிறுத்த வேண்டும். குடும்பத்து ஆள் ஒருவர் கையில் இருபது கிலோ கருவிப்பெட்டியோடு உச்சிப்படி வரை ஏறி, நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் தொழிலாளிகள் யாரும் முற்றத்தில் இருக்கக் கூடாது. முதலாளி விழக் கூடாதே என்று எவனாவது அடியைப் பிடித்துக்கொண்டால் சோதனை கெட்டுவிடுமாம். இறங்கியதும் அவர் படிவத்தில் 'ஏறிப் பார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை அப்படியே அச்சடித்து, பேட்ச் எண்ணோடு, அந்த முறை செய்த எல்லா ஏணியிலும் ஒட்டிவிடுவோம். 'இதில் நாங்கள் ஏறிப் பார்த்தோம்.' அதற்குக் கீழே கையெழுத்து. எங்களுக்கு வேறு விளம்பரமே கிடையாது.

தாத்தாவுக்குப் பிறகு அப்பா ஏறினார். அப்பாவுக்குப் பிறகு நான்.

நான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு உயரம் ஆகாது. பயம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். இது அதைவிட மட்டமான சரக்கு. மூன்றாவது படியில் உள்ளங்கையில் வியர்வை ஊறும். நாலாவது படியில் காதுக்குள் யாரோ ஈயம் காய்ச்சுவார்கள். ஐந்தாவது படியைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. வீட்டில் பல்பு மாற்றுவது என் மனைவி. ஏணித் தொழிற்சாலை வாரிசு கீழே நின்று டார்ச் அடிப்பேன்.

முதல் சோதனை நாளில் எனக்கு இருபத்தாறு வயது. நாலாவது படியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அப்பாவுக்கு ஏதோ காகிதம் கொடுக்க வந்த தங்கை முற்றத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது.

"என்னண்ணா, குரங்கு குட்டிய புடிச்சமாதிரி புடிச்சுட்டு நிக்கிற?"

"சத்தம் போடாத."

"எறங்கு. கால கீழ வை. இன்னும் கீழ. அது என் தல, அதுக்குக் கீழ."

என்னை இறக்கிவிட்டு, கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். உச்சியில் நின்று நூறு எண்ணினாள். நடுவில் எனக்குப் பழிப்பும் காட்டினாள். இறங்கி வந்து, "கையெழுத்து நீயே போட்டுக்கோ, எனக்கு எதுக்கு" என்றாள். அன்று ஆரம்பித்தது. இருபத்தேழு வருஷம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஏறினாள். குழந்தை பெற்ற மூன்றாம் மாதம் ஏறினாள். கையெழுத்து மட்டும் என்னுடையது. அழகான கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி. சுழி போடுவதற்கு மட்டும் எனக்குத் தைரியம் குறைந்ததே இல்லை.

அவள் இல்லாத நாட்களில் நான் பேட்ச்சைத் தள்ளிப்போட்டுவிடுவேன். படிவம் தீர்ந்துவிட்டது, மழை வரும்போல இருக்கிறது, கருவிப்பெட்டியைக் காணோம் என்று காரணம் சொல்லுவதில் நான் ஒரு தனித் தொழிற்சாலை.

போன ஜனவரியில் அவள் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அதே நேரம் பத்துப் படி மடக்கு ஏணி, முப்பத்தாறு, தயாராகிவிட்டது. லாரி வாசலில் நின்றது. டிரைவர் அரைமணிக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார். அப்பா இன்டர்காமில், "என்னடா, ஏறியாச்சா? வண்டி நிக்குது" என்றார்.

"இதோப்பா."

முற்றத்துக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஏணி விரித்து வைத்திருந்தது. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பழைய கார் வாங்குகிறவன் டயரை உதைத்துப் பார்ப்பானே, அதுபோல ஒரு காலை லேசாக உதைத்தேன். பிறகு நியாயமாக நூறு எண்ணினேன், தரையில் நின்றபடி. எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டேன். சுழியும் போட்டேன்.

ஏப்ரலில் ஒரு பள்ளிக்கூடத்து மின்சார வேலைக்காரர் விழுந்தார்.

ஆலோசகர் வந்துபோன இரண்டாம் வாரம் அது. மேலிருந்து மூன்றாவது படியின் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தகவல் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். வலது மணிக்கட்டிலும் தொடையிலும் எலும்பு முறிவு. நாற்பது வயதிருக்கும். வலி மாத்திரையின் தயவில் உற்சாகமாகப் பேசினார். கம்பெனிப் பெயரைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"அந்தக் கையெழுத்து? சுழியெல்லாம் போட்டு இருக்குமே, அது யாரு சார்?"

"நான்தான்."

"நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா ஏறுற ஆள் மாதிரி தெரியல. தப்பா நினைச்சுக்காதீங்க. நான் வேற கம்பெனி ஏணியே தொடமாட்டேன் சார். ஒரு மனுஷன் ஏறிப் பாத்துட்டு கையெழுத்துப் போட்டிருக்கான், அப்புறம் என்னன்னு."

நான் போர்வையின் ஓரத்தைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணு சொல்லணும் சார். கால வச்சதும் 'டிக்'குனு ஒரு சத்தம் வந்துச்சு. முதல் நாளே வந்துச்சு. எறங்கிரலாமான்னு யோசிச்சேன். அப்புறம் அந்த ஸ்டிக்கர பாத்தேன். அவங்களுக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும், கேட்டும் பரவாயில்லன்னு தானே போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"ரெஸ்ட் எடுங்க" என்றேன். தொடை எலும்பு முறிந்த ஆளிடம் வேறென்ன சொல்வது, நடந்துவிட்டு வாங்க என்றா?

உடைந்த ஏணியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து பார்த்தோம். ரிவெட் நன்றாகவே இருந்தது. துளைதான் பெரிது. துளைபோடும் இயந்திரத்தில் அலகு மாற்றியபோது ஒரு சைஸ் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஜனவரி பேட்ச் முழுக்க அப்படித்தான் இருக்க வேண்டும். உச்சிப்படிக்கு ஏறும் எந்த மனிதனும் மேலிருந்து மூன்றாவது படியில் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் தாண்ட முடியாது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரிவெட் சரியில்லன்னு எழுதிருவோம்."

"ரிவெட் நல்லாத்தானேப்பா இருக்கு?"

"உன் தங்கச்சி போன வருஷம்தான் ரிவெட் வாங்குற இடத்த மாத்தினா. நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தப்பு ரிவெட்லன்னா வெளியிலிருந்து வந்த சாமான் தப்பு. துளைலன்னா நம்ம தப்பு. அதுக்கும் மேல உன் கையெழுத்து இருக்கு. வர்ற திங்கக்கிழமை உன் பேர எழுதப் போறேன். நாற்காலில உட்காருறவன் பேர்ல கறை இருக்கக் கூடாது."

"அவ?"

"அவளுக்குக் கடைத்தெரு கட்டடத்தக் குடுத்துருவோம். கம்பெனிய விட்டு ஒதுங்கிக்கட்டும். கொள்முதல்ல தப்பு பண்ணினவ எப்படி இங்க இருக்க முடியும்? நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் யாரும் இவ்வளவு சுலபமான வேலை கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இருபத்தேழு வருஷத்துக் கதையும் அவளுக்குத் தெரியும். ஜனவரி மாதம் மட்டும் தெரியாது. அதையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருமே ஏறலயா?"

"இல்ல."

"எண்ணினீங்களாக்கும்?"

"எண்ணினேன்."

"உங்க பயத்த நான் கேலி பண்ணியிருக்கேன், திட்டினதில்ல. அது உடம்போட பிறந்தது. ஆனா அந்தப் பொண்ணு உங்களுக்காக ஏறி ஏறி எறங்கினா. இப்ப அவளயே தள்ளிவிட்டுட்டு அந்த நாற்காலில போய் உட்காரப் போறீங்களா?" என்றாள். பிறகு கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா முன்னால் நின்று பேசினால் நாலாவது வாக்கியத்தில் என் காதுக்குள் ஈயம் காய்ச்ச ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கோழைக்கு ஏற்ற வரிசையில் செய்தேன்: முதலில் தெரியாதவர்களிடம் சொல்வது, அப்புறம் வீட்டில் சொல்வது. விற்பனைப் பட்டியலை எடுத்து, அந்த பேட்ச்சை வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

"எங்க ஏணி பத்துப் படி ஒண்ணு வாங்கியிருக்கீங்க. அதுல ஏறாதீங்க. நாங்க வந்து எடுத்துக்கிறோம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஏறிப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டோம்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

ஆறு பேரிடம் சொல்லி முடித்தபோது மணி ஒன்பது. ஒருவர் திட்டினார், ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் மட்டும், "ஏங்க, இப்ப அதுமேலதான் நின்னு பேசிட்டு இருக்கேன்" என்றார். அவர் இறங்கிவிட்டேன் என்று சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை.

ஒன்பதரைக்குக் கூட்டம். ஆலோசகர் திரையை விரித்தார். அதே கட்டங்கள். அப்பா தொண்டையைச் செருமினார். எதிரே தங்கை பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முந்தின நாளே அப்பா ஜாடையாகச் சொல்லியிருக்க வேண்டும். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"தம்பி, அந்தக் காலியா இருக்கிற இடத்துல என் பையன் பேர எழுதிக்குங்க," என்றார் அப்பா.

"எழுதாதீங்க," என்றேன்.

ஆலோசகரின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"நான் ஏணி ஏறினதே இல்லப்பா. நாலு படிக்கு மேல ஒருநாள்கூட ஏறினதில்ல. இத்தன வருஷமும் ஏறினது இவ."

அப்பா ஆலோசகரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவர் போனதும் கதவைப் பார்த்தபடியே சொன்னார்:

"தெரியும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"மாடிக் கழிவறை ஜன்னல் முற்றத்த பாத்துதான இருக்கு? நீ முத நாள் நாலாவது படில தொங்கினதிலிருந்து பாக்குறேன். இவ ஏறுறா, நீ கீழ நிக்கிற. சரி, வீட்டு ஆள் யாரோ ஒருத்தர் ஏறினாப் போதும். கையெழுத்து பையனோடதா இருந்தா நல்லதுன்னு விட்டுட்டேன்."

இருபத்தேழு வருஷமாக ஒருவரிடமிருந்து ஒன்றை ஒளித்து வைத்து, அதற்காக இத்தனை பொய்யும் சொன்ன பிறகு, அவர் கழிவறையில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால் சிரிப்புதான் வர வேண்டும். வரவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா?" என்றாள்.

"தெரிஞ்சா என்ன? நீ நல்லாத்தானே ஏறின."

"ஜனவரில யாருமே ஏறலப்பா," என்றேன். "அவ ஆஸ்பத்திரில இருந்தா. லாரி நின்னுச்சு. நான் கீழ நின்னு எண்ணிட்டு கையெழுத்துப் போட்டுட்டேன்."

இது அவருக்குத் தெரியாது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். தாத்தாவின் சாய்ந்த நடையை நான் பார்த்ததில்லை. அவர் தினமும் பார்த்து வளர்ந்தவர். அந்த ஒரு நிமிஷம் அவர் கண்ணில் தெரிந்தது நானும் இல்லை, தங்கையும் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவருக்குள் முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"சரி. இது இந்த அறைய விட்டுப் போகக் கூடாது. ரிவெட்னு எழுதியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

"அப்ப என் பேரு?" என்றாள் தங்கை.

அப்பா அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். மனசாரச் சொன்னார். அதுதான் கொடுமை.

"உன் பேருக்கு என்னம்மா ஆகப் போகுது? உன் பேருதான் எதுலயும் இல்லயே."

வெளியே துளைபோடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அறைய விட்டு ஏற்கனவே போயிருச்சுப்பா," என்றேன். "காலைல ஆறு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். மிச்சம் எட்டு இடம் இருக்கு. ரிவெட்னு சொல்லல. நான்னு சொன்னேன்."

அப்பா எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. நான் கை கொடுக்கப் போனேன். என் கையை ஒரு பொருளை நகர்த்தி வைப்பதுபோல விலக்கிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

தங்கை இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை மன்னிப்பாள் என்றுகூட, இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எதிர்பார்த்தேன்.

"மூணு நாளு, அண்ணா," என்றாள். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா ஆட்டோ புடிச்சு வந்து ஏறிட்டுப் போயிருப்பேன். அரைமணி நேர வேல."

"நீ ஆஸ்பத்திரில..."

"உனக்கு ஏணி ஏறத்தான் பயம்னு இத்தன வருஷம் நம்பிட்டு இருந்தேன். அதுக்காகத்தான் ஏறினேன். உன்னப் பாத்தா பாவமா இருக்கும்." ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "அப்பா ஒதுங்கிக்கோன்னு நேத்து சொன்னப்பவும் உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு. நீ விடமாட்டேன்னு நினைச்சேன். அப்ப உனக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, இல்ல?"

"ஆமா."

"எனக்கு இப்ப உன்ன அடிக்கணும்போல இருக்கு."

"அடி."

"உனக்கு அதுவும் சுலபமாப் போயிரும்." கையை நீட்டினாள். "பட்டியலக் குடு."

எட்டு பெயர்களில் நாலை அவள் எடுத்துக்கொண்டாள். முதல் எண்ணைப் போட்டாள். மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஏணி வாங்கியவர்களிடம் அவள் பேசியதே இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு பதவிப் பெயர் அவளுக்கு உடனே கிடைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏணில ஏறிப் பாக்குறவங்க பேசுறேன்" என்றாள். நான் அடுத்த எண்ணை அழுத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.

டீ குடிக்கப் போன ஆலோசகர் கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் போனும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, திரையைச் சத்தமில்லாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெட்டிக்காரர்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது.

தங்கைதான் இப்போது முதலாளி. அப்பா எழுதிக்கொடுக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து தொழிற்சாலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு வாரம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. சாமான் வாங்க யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, அவள் தன் பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த மேஜையில் போட்டு உட்கார்ந்தாள். அப்பா தினமும் அவளுக்குப் போன் செய்து, "யாரு ஏறினது?" என்று மட்டும் கேட்பார். அவள், "நான்" என்பாள். அவர் வைத்துவிடுவார். என்னோடு அவர் பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட என் மனைவியிடம்தான் கேட்கிறார், உப்பு என் முன்னால் இருந்தாலும்.

மின்சார வேலைக்காரரைப் போய்ப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அன்று அவரிடம் உற்சாகம் எதுவும் இல்லை. "அப்ப அந்தச் சத்தத்த என்னத் தவிர யாருமே கேக்கல," என்றார். வைத்தியத்துக்கு ஆவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். "அத உங்க தங்கச்சி சொல்லிட்டாங்க. நீங்க இனிமே வர வேணாம் சார்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

முப்பத்தாறு ஏணியில் முப்பத்தைந்து திரும்பி வந்துவிட்டது. ஒன்று வரவில்லை. தொழிற்சாலை வாசலில் பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்றது. ஊதா நிற வேன் வைத்திருந்த ஓர் ஆள் வந்து வாங்கிப்போனார் என்பதைத் தவிர எந்த விவரமும் இல்லை. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தோம். ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் சொல்லி வைத்தோம். அவர் பத்திரிகை படிக்காதவராக இருக்கலாம். ஏணியைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்திருக்கலாம்.

கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று தங்கை இன்னும் சொல்லவில்லை. நானாக ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போகிறேன். சுவரில் சாய்த்த ஏணி, கடைப் பலகைக்கு விரித்த ஏணி, மரத்தடி ஏணி எது கண்ணில் பட்டாலும் நிறுத்திவிடுவேன். அண்ணாந்து பார்ப்பதும் எனக்கு ஆகாது. இருந்தாலும் பார்க்கிறேன்.

நேற்று பழைய கட்டடம் ஒன்றின் முன்னால் ஒரு பெயின்டர் பத்துப் படி ஏணியில் நின்று ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஏணி மாதிரித்தான் தெரிந்தது. ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தை வண்ணம் சிந்தி மூடியிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் எறங்கி வர்றீங்களா?"

"எதுக்கு?"

"ஏணியப் பாக்கணும்."

"அங்கேயிருந்தே பாரேன். என்ன, வெல பேசப் போறியா?"

"இல்லண்ணே. தயவுசெஞ்சு எறங்குங்க. அதுல ஏறினா படி பிடுங்கிக்கும். நான் செஞ்ச தப்பு."

அவர் பிரஷை டப்பாவில் வைத்துவிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தார். பைத்தியமா, போலீஸா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "எறங்கினா இந்த வேலைய யாரு முடிப்பா, நீ ஏறப் போறியா?" என்றார்.

"நான் ஏறமாட்டேன்," என்றேன். "புடிச்சுக்கிறேன். நீங்க மெதுவா வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தார். இரண்டு கையாலும் ஏணியின் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காதைச் சட்டத்தோடு ஒட்டி வைத்து, அவர் ஒவ்வொரு படியாகக் கால் வைக்கும்போதும் உற்றுக் கேட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. அவர் தரைக்கு வந்ததும் நகத்தால் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தேன். எங்கள் ஏணிதான். வேறு பேட்ச், போன வருஷத்தையது.

"இது சரியானதுண்ணே," என்றேன். "இதுல தாராளமா ஏறலாம். என் தங்கச்சி ஏறிப் பாத்தது."